பழைய சாமான் பக்கம்: பிரிம்ஃபீல்டு போகிற வாசகிக்கும் மற்றவர்களுக்கும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பயணத்தைப் பற்றியவை. பள்ளி விடுமுறைக்கும் பிள்ளைகள் வீட்டுக்கும் போகிறவர்கள், போன இடத்தில் பழைய சாமான் சந்தை இருந்தால் விடுவதில்லை போலிருக்கிறது. நல்லதுதான். நான் வேலை பார்த்த காலம் முழுக்கச் சரக்குக் கப்பல் காகிதங்களோடு கிடந்தவள். ஓய்வு பெற்ற பிறகு சாமான்களோடு கிடக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

செங்காங் வாசகி: என் மகள் பாஸ்டனில் இருக்கிறாள். செப்டம்பரில் அங்கே போகும்போது பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தைக்கு ஒரு நாள் கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். ஆயிரக்கணக்கான கடைகளாமே? எனக்கு முழங்கால் வலி உண்டு. எங்கே ஆரம்பிப்பது? "குப்பையைப் பார்க்க அமெரிக்காவரை போகணுமா, பழைய சாமான் வாங்குகிற காராங் கூனி நம்ம புளோக்குக்கே வருவாரே" என்று கணவர் கிண்டல் செய்கிறார்.

கணவரை மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு விட்டுவிட்டுப் போங்கள். கூட வந்து "இன்னும் முடியலையா" என்று கேட்கிற ஆளை வைத்துக்கொண்டு பிரிம்ஃபீல்டு பார்க்க முடியாது.

பாஸ்டனுக்கு மேற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குமேல் போனால் வரும் சின்ன ஊர் அது. 1959ல் கார்டன் ரீட் என்ற ஏலக்காரர் தன் நிலத்தில் தொடங்கினார். கூட்டத்தைப் பார்த்த அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் தங்கள் வயல்களைத் திறந்துவிட, இன்றைக்கு 20ஆம் எண் சாலையின் இரண்டு பக்கமும் கூடாரம்தான். வருடத்தில் மே, ஜூலை, செப்டம்பர் என்று மூன்று மாதங்களில், ஒவ்வொரு முறையும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை நடக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது ஒரே சந்தை இல்லை. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு முதலாளி. ஒன்று செவ்வாய் விடிந்ததும் திறக்கும், இன்னொன்று புதன், வேறொன்று வியாழன் அல்லது வெள்ளி. சிலவற்றில் திறக்கிற நாளில் நுழைவுக் கட்டணம் உண்டு, பலவற்றில் சும்மா நுழையலாம். நீங்கள் போகிற நாளில் எந்த வயல் புதிதாகத் திறக்கிறது என்று அந்த வருட அட்டவணையைப் பார்த்து மகளைச் சொல்லச் சொல்லுங்கள். வாசல் திறந்ததும் ஆட்கள் ஓடுவார்கள், உண்மையாகவே ஓடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள். நீங்கள் ஓட வேண்டாம். அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு நிதானமாக நுழைந்தால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விலை இறங்கும், ஆனால் பலர் அதற்குள் மூட்டை கட்டியிருப்பார்கள்.

முழங்காலுக்கு என் யோசனை: எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். இரண்டு வயல் போதும். தேக்காவில் காய்கறி வாங்க இழுத்துக்கொண்டு போகிறோமே, அந்தச் சக்கரப் பையைப் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுபோங்கள். பார்த்தவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். செப்டம்பர் காலையில் குளிரும், புல் பனியில் நனைந்திருக்கும், மத்தியானம் வெயில் அடிக்கும். மழை பெய்தால் சேறு. துணிச் சப்பாத்து வேண்டாம். ரொக்கம் வைத்திருங்கள், சின்ன நோட்டாக. அப்புறம் ஒன்று: பெரிய சாமானுக்குக் காசு கொடுத்துவிட்டு "திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், அந்தக் கூடாரத்தையும் பக்கத்தில் இருக்கும் ஏதாவது அடையாளத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கூடாரமும் வெள்ளைதான்.

பேரம் உண்டு. ஆனால் நம் ஊர் பாணியில் பாதி விலைக்குக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லி, "இதற்கு உங்களால் முடிந்த விலை என்ன?" என்று கேட்பதுதான் அங்கே மரியாதை. அவர்களாகவே குறைப்பார்கள். ஒரே கடையில் மூன்று சாமான் எடுத்தால் இன்னும் குறையும். குறை சொல்லி விலை குறைக்கிற வித்தை அங்கே செல்லாது. "இது உடைந்திருக்கிறதே" என்றால், "ஆமாம், அதனால்தான் இந்த விலை" என்பார்கள்.

எதைத் தேடுவது? என்னைக் கேட்டால் மேசை நாற்காலியை விட்டுவிட்டுப் பழைய அஞ்சலட்டைப் பெட்டிகளைத் தேடுங்கள். சப்பாத்துப் பெட்டி மாதிரி நீளப் பெட்டிகளில் நாடு வாரியாக அட்டை வைத்துப் பிரித்திருப்பார்கள். "சிங்கப்பூர்" என்ற தலைப்பில் ஒன்றும் இல்லை என்றால் பழைய ஆட்சிக்காலப் பெயர்களான "மலாயா", "ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்", ஏன் "ஆசியா, இதர" என்பதில்கூடக் கைவிட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குச் சிங்கப்பூர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது நமக்கு லாபம்.

அட்டை கிடைத்ததும் படத்தை ரசிக்கும் முன்னால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் சேதிக்கும் வலப்பக்கம் முகவரிக்கும் பிரித்திருக்கிறதா? பிரிட்டனில் 1902லும் அமெரிக்காவில் 1907லும்தான் அந்தக் கோட்டுக்கு அனுமதி வந்தது. அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட அட்டையில் சிங்கப்பூர் ஆற்றங்கரையோ வீதியோ இருந்தால் விடாதீர்கள். இங்கே படக்கூடம் வைத்திருந்த ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனத்தின் படங்கள் பல அட்டைகளாக வெளிவந்திருக்கின்றன. சில அட்டைகளில் நம்மவர்கள் மாட்டுவண்டியோடு நிற்பார்கள், கீழே "கிளிங்" என்று, நம்மவர்களை இழிவாகச் சொல்லும் பெயரை அச்சிட்டிருக்கும். எரிச்சல் வரும். எனக்கும் வரும். இருந்தாலும் வாங்கிக் கொண்டுவாருங்கள். வேறு யார் வாங்குவது?

முடிந்தால் ஒரு சின்ன புற ஊதா டார்ச் எடுத்துப் போங்கள். 1950களுக்குப் பிறகுதான் காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் இரசாயனம் பரவலானது. பழைய அட்டை என்று கொடுப்பது அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அது பழசு இல்லை.

அங் மோ கியோ வாசகர்: வெளிநாட்டுச் சந்தையில் வாங்கிய பழைய சாமானுக்கு இங்கே வரி உண்டா? பழசுதானே என்று விட்டுவிடுவார்களா?

விட மாட்டார்கள். சிங்கப்பூரில் மேசை, பீங்கான், படம் இவற்றுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, ஆனால் பொருள் சேவை வரி 9 விழுக்காடு உண்டு. கையோடு கொண்டு வந்தால், 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்தவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரை விலக்கு. அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி. மேற்பட்ட தொகைக்குத்தான் வரி. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கு இல்லை. கடைக்காரரிடம் கையெழுத்திட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் பரவாயில்லை.

கப்பலில் அனுப்பினால் கணக்கே வேறு. சாமான் விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி மூன்றையும் கூட்டி வருகிற தொகைக்கு வரி. நூறு வெள்ளி நாற்காலியைக் கப்பலேற்றுகிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை. கட்டணச் சீட்டு சொல்லும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன், நாய்ப் படத்தோடு, நன்றாகப் பாடுகிறது. 1920ஆம் வருடத்தியது என்கிறார் விற்பவர். வாங்கலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்தேன். எட்டுப்பட்டைப் பெட்டி, அதில் பூவேலை, கண்ணாடி போலப் பளபளக்கும் குழாய், முன்னால் புதுப் பித்தளைத் தகடு. ஐயா, அது நீங்களும் நானும் பிறந்த பிறகு செய்தது. உலகத்தில் எந்தப் பெரிய சந்தைக்குப் போனாலும் இதன் அண்ணன் தம்பிகள் நான்கைந்து பேர் நிற்பார்கள். பெரும்பாலும் இந்தியாவில் ஒட்டுப்போட்டுச் செய்கிறார்கள். சூட்கேஸ் மாதிரி மூடி வைக்கும் பழைய கையடக்க கிராமபோன்களிலிருந்து மோட்டாரையும் ஊசியைத் தாங்கும் ஒலிக்கையையும் கழற்றி, புது மரப்பெட்டியில் பொருத்தி, மேலே ஒரு குழாயை மாட்டிவிடுவார்கள். பாடுவது உண்மைதான், ஏனென்றால் உள்ளே இருக்கிற பாகம் நிஜமாகவே பழசு.

நேரில் போனால் இப்படிச் செய்யுங்கள். தட்டைக் கழற்றச் சொல்லி, மோட்டார் பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்பக்க மரம் வெளிறி, பிசின் வடிந்து, ரம்பத் தடத்தோடு இருக்கும். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அளவு மோட்டார் அநாதையாகத் தொங்கும். ஒலிக்கை வளைந்து குழாயின் முழங்கையில் சேரும் இடத்தில் பற்றவைத்த தடம் முண்டும் முடிச்சுமாகத் தெரியும். அசலில் அந்த இணைப்பு வழவழவென்று, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாமல் இருக்கும். திருகாணிகளையும் பாருங்கள்: தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் 1920 என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த வகைத் திருகாணி 1930களில் வந்தது. விற்பவர் பலகையைத் தூக்க மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அலங்காரத்துக்கு ஆசையாக இருக்கிறது என்றால் அலங்கார விலைக்கு வாங்குங்கள், குற்றமில்லை. பாட்டுதான் வேண்டும் என்றால், அந்தக் காசுக்கு ஓர் அசல் சூட்கேஸ் கிராமபோன் கிடைக்கும். எதுவானாலும் அதில் அரக்குத் தட்டுகளை மட்டும் போடுங்கள், ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்றுங்கள். பிற்காலத்து வினைல் எல்பியை அதில் வைத்தால் இரும்பு ஊசி தடத்தை உழுதுவிடும். கல்கத்தாவில் 1908லிருந்து, முதலில் சியால்தாவிலும் பிறகு டம் டம் ஆலையிலும் அச்சிட்ட தட்டுகளில் தமிழ்ப் பாட்டும் நாடகமும் ஏராளம், அவை இன்னும் கையில் அகப்படுகின்றன.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: இங்கிலாந்தில் நூவர்க் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். ஐரோப்பாவிலேயே பெரியது என்று விளம்பரம், பெரிய மைதானம், நடந்து மாளவில்லை. அங்கே ஓர் அடி உயர வெண்கல அம்மன் சிலை. "தென்னிந்தியா, மிகப் பழசு, ஒரு வீட்டைக் காலி செய்ததில் வந்தது" என்றார்கள். விலை கட்டுப்படியாகும். அம்மனை அங்கே விட்டுவர மனம் வரவில்லை, முன்பணம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மனது புரிகிறது. ஆனால் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தியாவை விட்டு எப்போது, எந்தக் காகிதத்தோடு வெளியே வந்தது? இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயதுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. 1947லேயே ஏற்றுமதிக்கு உரிமம் கேட்கும் சட்டமும் இருந்தது. ஆகவே "மிகப் பழசு" என்பது உண்மையானால் காகிதம் வேண்டும். காகிதம் இல்லையென்றால், பழசு என்பது பொய்யாக இருக்கட்டும் என்று நீங்கள் வேண்டிக்கொள்ள வேண்டிய நிலை.

இது நம் ஊருக்குப் புதுக் கதை இல்லை. நம் ஆசிய நாகரிக அரும்பொருளகமே 2007ல் 650,000 அமெரிக்க டாலர் கொடுத்து ஓர் உமா பரமேஸ்வரியை வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். அது அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்டது என்று பிறகு தெரியவந்தது. அதே கோயிலின் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தார். 2014ல் இந்தியா திரும்பினார், அடுத்த வருடம் நம் உமாவும் போனாள். கபூருக்கு 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து ஆண்டு சிறை விதித்தது. இந்த மாதிரிச் சிலைகளை அடையாளம் காணப் பெரிதும் உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த பழைய புகைப்படங்கள். அரும்பொருளகத்துக்கே இந்த நிலை என்றால் உங்கள் வரவேற்பறை எம்மாத்திரம்?

சிலையின் பீடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் கம்பு நுழைக்கிற வளையமோ துளையோ இருந்து, அதன் உள்விளிம்பு தேய்ந்திருந்தால், அது வீதியுலாப் போன உற்சவ மூர்த்தியாக இருக்கலாம். "வீட்டைக் காலி செய்ததில் வந்தது" என்ற பேச்சு அங்கேயே இடிக்கும். புதுச் சிலைகளிலும் அந்த வளையத்தை வைத்துச் செய்வார்கள், ஆனால் அதில் தேய்மானம் இருக்காது. முன்பணம் போனாலும் போகட்டும். சுவாமிமலையில் இன்றைக்கும் மெழுகு வார்ப்பில் உங்கள் கண் முன்னாலேயே செய்து தருகிறார்கள். ரசீதோடு வருகிற அம்மனுக்கும் அருள் உண்டு.

தோ பாயோ வாசகி: அமெரிக்கச் சந்தையில் பழைய பியூட்டர் கிண்ணம் ஒன்று வாங்கினேன். பாட்டியின் ஈயச் சொம்பு போலவே இருக்கிறது. அதில் ரசம் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பாட்டியின் ஈயச் சொம்பு வெள்ளீயம். பழைய பியூட்டரும் பெரும்பாலும் வெள்ளீயம்தான், ஆனால் அதில் காரீயம் கலந்திருக்கலாம். புளியும் தக்காளியும் சேர்ந்து கொதித்தால் அது ரசத்தில் இறங்கும். ஒரு மூலையை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்: பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் கணிசமாக இருக்கிறது. கோடு விழவில்லை என்பதால் சமைக்கலாம் என்று அர்த்தமில்லை, அந்தச் சோதனை அவ்வளவு நுட்பமானதல்ல. இப்போது கோலாலம்பூரில் செய்கிற ராயல் சிலாங்கூர் பியூட்டரில் காரீயம் இல்லை. ஆனால் அதையும் அடுப்பில் ஏற்றக் கூடாது, வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். பாட்டியின் சொம்பிலும் முதலில் ரசத்தை ஊற்றிவிட்டுத்தானே அடுப்பில் வைப்பார்கள்? காலிச் சொம்பை வைத்து மறந்தால் சொம்பு இருக்காது.

உங்கள் கிண்ணத்தில் சாவிக்கொத்தைப் போட்டு வைக்கலாம்.

பிடோக் வாசகி: மாமியார் விட்டுச்சென்ற தந்தச் சிமிழ் இருக்கிறது. அடுத்த சந்தையில் மேசை போட்டு விற்கலாம் என்று மகன் சொல்கிறான்.

கூடாது. 2021 செப்டம்பர் 1லிருந்து சிங்கப்பூரில் யானைத் தந்தத்தை விற்பதும், விற்பதற்காகக் காட்சிக்கு வைப்பதும் தடை. எவ்வளவு பழசானாலும் சரி. வீட்டில் வைத்திருப்பதற்குத் தடையில்லை.

அதற்கு முன், அது தந்தம்தானா என்று பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடியால் வெட்டுமுகத்தைப் பார்த்தால் யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். சிறுசிறு கறுப்புப் புள்ளியும் கீறலும் இருந்தால் எலும்பு. ஒன்றுமே இல்லாமல், ஓரத்தில் அச்சுத் தையல் ஓடினால் பிளாஸ்டிக். அப்படியானால் மகன் தாராளமாக மேசை போடட்டும், பிளாஸ்டிக் என்று எழுதி வைத்து.

உட்லண்ட்ஸ் மாணவர்: தாத்தாவின் பெட்டியில் ஜப்பான் கால வாழைமரப் பத்து டாலர் நோட்டு ஒரு கட்டு. எவ்வளவு போகும்?

ஆசையைக் கெடுப்பதற்கு மன்னித்துக்கொள், தம்பி. ஜப்பானியர் அதைக் கட்டுக்கடங்காமல் அச்சிட்டுத் தள்ளினார்கள். போர் முடிந்ததும் வெற்றுக் காகிதம் ஆகிவிட்டதால் பல வீடுகளில் அப்படியே பெட்டிக்குள் கிடந்தது. இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார். எண் அச்சிட்ட நோட்டும் உண்டு, எழுத்து மட்டும் போட்ட நோட்டும் உண்டு. வரிசை எண் இருந்தால் தனியாக எடுத்து வை, சேகரிப்பவர்கள் அதற்குக் கூடக் கொடுப்பார்கள். தாத்தா ஏன் வைத்திருந்தார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி அதே பெட்டியில் போடு. ரப்பர் வளையத்தை மட்டும் உடனே கழற்று, அது உருகி நோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பொத்தோங் பாசிர் வாசகர்: சுங்கை ரோடு சந்தை போன பிறகு இங்கே எங்கேதான் போவது?

2017 ஜூலை 10ஆம் தேதி மூடினார்கள். அந்த மாதிரி இடம் இனி வராது. பழைய வரைபடங்களுக்கும் ஓவியங்களுக்கும் பெயர்போன தங்ளின் கடைத்தொகுதியும் 2022ல் விற்பனையாகிவிட்டது. சைனாடவுன் பக்கமும் டெம்ப்சி பக்கமும் கடைகள் இருக்கின்றன, விலையும் அதற்கேற்ப இருக்கிறது. வாங்கும் முன் கண்ணைப் பழக்க வேண்டும் என்றால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. அங்கே செட்டிநாட்டு வீட்டு நிலைவாசல் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். பத்து நிமிடம் நின்று அதன் உளித் தடத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு எந்தக் கடையிலாவது "செட்டிநாட்டு மரவேலை" என்று காட்டினால், இயந்திரம் செதுக்கியதா கை செதுக்கியதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.